ஒரே முகம்

கொடுமுடிக் கோயிலில் பிரம்மாவுக்கு மூன்று முகங்கள். நான்காவது, வன்னிமரம் என்பார்கள். பக்கத்து ஈரோட்டில் 1879இல் பிறந்த பெரியாருக்குச் சுவர்களும் சிலைகளும் விட்டுவைத்தது ஒரே முகம்: தாடி, கைத்தடி, முதுமை. நகரசபைத் தலைவர், கதர் மூட்டை சுமந்தவர், 1925இல் காங்கிரசைவிட்டு வெளியேறியவர் - யாரும் அதில் இல்லை. 2007இல் வந்த 'பெரியார்' படம் இளமையையும் காட்டிற்று. சுவர்கள் அதை ஏற்கவில்லை. சீனக் கலாச்சாரப் புரட்சிச் சுவரொட்டிகளில் எழுபது தாண்டிய மாவோ மூப்படையவில்லை. இங்கே இவர் இளைஞராக இருந்ததே இல்லை.

1953இல் பிள்ளையார் பொம்மையை உடைத்தவருக்கு மாலையா என்ற கேலி சுலபமானது. எனக்கு உறுத்துவது வேறு. மனம் மாறிய ஒருவரின் படத்தில் மாற்றம் இல்லையென்றால் முடிவுகள்தான் மிஞ்சும். முடிவுகளைக் கும்பிடலாம், அவரோடு தர்க்கம் செய்ய, அவர் வந்த வழியும் தெரியவேண்டும்.