தீட்டும் மாசும்

ஆங்கிலத்தில் பொல்யூஷன் என்று ஒரே சொல்தான். தமிழில் அதை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். புகைபோக்கியிலிருந்து வந்தால் மாசு. நம் உடம்பிலிருந்து வந்தால் தீட்டு. மாசைப் பற்றிப் பேச வாரியம் இருக்கிறது, கருத்தரங்கு இருக்கிறது. தீட்டைப் பற்றிப் பேச நாம் மட்டும். தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு இந்தப் பிரிவினையில் எப்போதுமே ஒரு சந்தேகம். ஓர் இடம் சுத்தமாக இருக்கிறது என்றால் அங்கே அழுக்கு ஒழிந்துவிட்டது என்று பொருளா, வேறு இடத்துக்குப் போய்விட்டது என்று பொருளா?

எங்கள் சேரி ஊருக்குக் கிழக்கே. ஆடி மாசத்து மேல்காத்து ஊரைக் கடந்துதான் எங்களிடம் வரும். செத்த மாட்டை உரித்தாலும் தோலை ஊறப் போட்டாலும் நாத்தம் ஊருக்குள் போகாது. "ஊரு சுத்தமாத்தேன் இருக்கும். கூடை நம்ம தலையிலல்ல இருக்கு" என்று எங்க அப்பத்தா சொல்லும்.

ஊருக்குள் செய்ததைக் கடல் தாண்டியும் செய்தார்கள். செட்டிநாட்டுப் பெரிய வீதிகளில் நடந்து பாருங்கள். ஆலைச் சங்கு இல்லை, கரி இல்லை. கானாடுகாத்தானில் அரண்மனை மாதிரி வீடுகள். தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. பணமும் பெரும்பாலும் அங்கிருந்துதான். 1930களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி விளைநிலம் நகரத்தார் கைக்குப் போயிருந்தது. நெல்லாலைகளில் உமி எரிந்த புகை அங்கே படிந்தது. கடனில் நிலம் இழந்த விவசாயி அங்கே அழுதான். இங்கே வந்து சேர்ந்தது தேக்கும் வட்டியும். சுற்றுலா வருகிறவர்கள் தூணைத் தடவிப் பார்த்து 'என்ன வழவழப்பு' என்கிறார்கள்.

நம் காலத்துக்கு வருவோம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் ஆலை ஒன்று இருந்தது. 1983இல் அதைப் பெயர்த்துக் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் பாண்ட்ஸ், 1998க்குப் பிறகு இந்துஸ்தான் லீவர். பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது. செய்து முடித்த தெர்மாமீட்டர்கள் வெளிநாட்டுக்கே போயின. இடையில் கிளம்பிய ஆவி மட்டும் கொடைக்கானலுக்கு.

பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். நிறம் இல்லை, மணம் இல்லை. மூச்சோடு போய் நரம்பையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். சுற்றுவட்டாரத்து மரப்பாசியில் பாதரசம் ஏறியிருந்ததை அணுசக்தித் துறை விஞ்ஞானிகளே பின்னர் அளந்து சொன்னார்கள். 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் பழைய சாமான் கடை ஒன்றில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு 7.4 டன் கிடந்ததைக் கண்டு மக்கள் வீதிக்கு வந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆலை மூடியது. பழைய தொழிலாளர்கள் 591 பேருக்கு உடன்பாடு என்று ஒன்று ஏற்பட 2016 ஆகிவிட்டது.

ஆலைகளை வெளியே தள்ளித்தான் மேல்நாட்டுக்காரன் தன் காற்றைச் சுத்தமாக்கிக்கொண்டான் என்று மேடையில் பேசுகிறோம். அது முழு உண்மை இல்லை. 1990க்கும் 2008க்கும் இடையில் அமெரிக்க ஆலைகளின் முக்கியக் காற்று மாசுகள் ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்தன. உற்பத்தியோ கூடியது. இதை ஆராய்ந்த பொருளியலாளர்கள் ஷபீரோவும் வாக்கரும் 2018இல் காட்டியது என்னவென்றால், பெருங்காரணம் இடமாற்றம் அல்ல. விதிகள் இறுகியதால் அதே பொருளை அங்கேயே குறைந்த புகையோடு செய்யப் பழகியதுதான். இதைச் சொன்னால் நம் தோழர்கள் சிலருக்கு ஏமாற்றம். எனக்குக் கோபம்தான் கூடியது. செய்யத் தெரியாமல் அனுப்பியிருந்தால் அது ஒரு பேச்சு. செய்யத் தெரியும். கழுத்தைப் பிடிக்கச் சட்டம் இருந்தால் செய்வார்கள். இங்கே பிடிக்க ஆளில்லை என்று தெரிந்ததால் செய்யவில்லை. மலக்குழிக்கு எந்திரம் வந்தாச்சு, 2013இல் சட்டமும் வந்தாச்சு. இன்னும் இறங்குகிறது யாரு?

"வேலை குடுத்தான்ல, அது வேண்டாமா தோழர்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி இல்லை. 1991 டிசம்பரில் உலக வங்கியின் தலைமைப் பொருளியலாளர் லாரன்ஸ் சம்மர்ஸ் கையெழுத்தோடு ஒரு குறிப்பு போனது. கூலி குறைந்த நாட்டில் நோயாலும் சாவாலும் இழக்கும் பணமும் குறைவு, ஆகவே நச்சுக் கழிவை அங்கே கொட்டுவதே கணக்குப்படி சரி என்றது அது. வெளியே தெரிந்ததும், கிண்டலுக்கு எழுதியது என்றார்கள். நமக்குக் கிண்டலாகப் படவில்லை. குறிப்பு எதுவும் எழுதாமலே நம் ஊர்களில் நடந்துவந்த கணக்கு அது. பிணம் எரிக்கவும் செத்த மாடு தூக்கவும் நம் பாட்டன்மாரும் 'சம்மதித்து'த்தான் போனார்கள். மறுத்தால் களத்தில் நெல் அளக்கமாட்டான். வேண்டாம் என்று சொன்ன மறுநாளும் அடுப்பெரியும் என்கிற வீட்டில் போய்க் கேட்டு வாங்கியிருந்தால் அதைச் சம்மதம் என்று ஒத்துக்கொள்கிறேன். அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை.

2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கொடைக்கானலிலிருந்து கப்பலேறி அமெரிக்காவுக்கே போனது. வெற்றிதான், போட்டவனே அள்ளட்டும். ஆனால் பென்சில்வேனியாவில் அந்தப் பீப்பாய்களைத் திறந்தது முதலாளி இல்லை, அங்கேயும் ஒரு கூலிக்காரன்தான். கப்பலேற்ற முடியாதது ஆலை மண். கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருந்தால் சுத்தம் என்று அந்த மண்ணுக்கு அளவு வைத்தார்கள். போராடினவர்கள் அதை ஒப்பவில்லை. ஆலை இருந்த மேட்டுக்குக் கீழே பாம்பார் சோலை. மழைத் தண்ணீர் அந்தப் பக்கமாகத்தான் இறங்குகிறது.