தொழிலா, தந்திரமா?

ஓடாத வண்டியைச் சொற்ப விலைக்கு வாங்கி ஓட வைப்பது தொழிலா, தந்திரமா? செஞ்சியின் சாலையோரப் பட்டறைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி எழுகிறது.

தேய்ந்த பிஸ்டன் வளையத்தை மாற்ற எஞ்சினையே பிரிக்க வேண்டும். உதிரி உறுப்புக்குச் சென்னைப் புதுப்பேட்டையில் அலைய வேண்டும். அப்புறமும் வண்டி ஓடாமல் போகலாம். அப்படி உழைத்தவன் பெறும் லாபம் வியர்வைக்கும் துணிச்சலுக்கும் உரிய கூலி.

ஆனால், கார்புரேட்டரில் வெறும் தூசி அடைப்பு. ஊதினால் போதும் என்று வைத்துக்கொள்வோம். வாங்குகிறவனுக்கு அது தெரியும். கடனுக்குப் பயந்து விற்கிறவனுக்குத் தெரியாது. "எஞ்சினே போயிடுச்சுங்க" என்று சொன்னால்தான் பொய்யா? வாயைத் திறக்காமல் நின்றாலும் பொய்தானே!

"அறிவும் ஒரு முதல்தானே? அதை ஏன் சும்மா தரவேண்டும்?" என்று கேட்கலாம். நியாயந்தான். பழுதைக் கண்டு சொன்னதற்குக் கூலி கேட்கட்டும், தாராளமாகவே கேட்கட்டும். வண்டியையே கூலியாக எடுத்துக்கொள்வதா?

செஞ்சிக்கு ஒரு குதிரைக் கதை உண்டு. யாருக்கும் அடங்காத டில்லிக் குதிரையைத் தேசிங்கு அடக்கினான் என்கிறது கதைப்பாடல். 1714-ல் போரில் மடிந்த அந்த இளைஞன், அதைச் சபையறிய அடக்கினான். நொண்டிக் குதிரை என்று சொல்லி விலை பேசவில்லை.

விற்றவன் வீட்டு வாசல் வழியே அந்த வண்டியைக் கூசாமல் ஓட்டிப்போக முடிந்தால், அது தொழில்.