போறதுக்கு உள்ளது

சனிக்கிழமை இரவு முட்டம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கூடாரம். ஞாயிறு விடியுமுன் தூண்டிலோடு பாறைக்குப் போனோம். பிடித்த மீனைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மண்டைக்குள் கிடப்பது ஒரு கல்.

பக்கத்துப் பாறையில் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் கையாலேயே தங்கூசியை (நைலான் தூண்டில் நரம்பை) வீசிக்கொண்டிருந்தார். எங்களிடம் கடையில் வாங்கிய ஈயக்குண்டு. அவரிடம் பொறுக்கிய கல். அதையும் தங்கூசியில் நேரே கட்டாமல், தைக்கிற நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். களவா மீன் கடித்ததும் பாறை இடுக்குக்குள் ஓடப் பார்க்கும். குண்டு இடுக்கில் மாட்டினால் முள்ளும் மீனும் சேர்ந்து போகும். இவருக்கோ நூல் அறுந்து கல் மட்டும் போகும். வீசும்போது அறக்கூடாது, இழுக்கும்போது அறவேண்டும்; அந்த அளவு அவர் விரலுக்குத் தெரிந்திருந்தது.

“கல்லு போச்சே ஐயா” என்றேன்.

“அது போறதுக்கு உள்ளதுதானே மக்களே” என்று அடுத்த கல்லை எடுத்தார்.

ஊர் திரும்பியும் அந்த நூல் என்னை விடவில்லை. அப்பா யாருக்குக் கடன் கொடுத்தாலும், திரும்பி வராவிட்டாலும் முகம் மாறாத தொகையைத்தான் கொடுப்பார். ‘போனால் போகட்டும்’ என்று முதலிலேயே எழுதிவிட்ட கணக்கு. சின்ன வயதில் அதைப் பெருந்தன்மை என்று நினைத்தேன். சித்தப்பாவும் ஒருமுறை வாங்கினார். பிறகு வீட்டுப் பக்கம் வருவதில்லை.

வள்ளுவர் தூண்டிலை விழுங்கிய மீனைச் சூது அதிகாரத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். பள்ளியில் படித்தது, அரைகுறையாகத்தான் நினைவு. ஜெயித்துவிட்டதாக நினைக்கும் மீன். அங்கே சூதாடி தோற்பதை அறியாதவன். பாறையில் நின்றவரோ எதைத் தோற்பது என்று முடிவு செய்துவிட்டு ஆடுகிறவர். அவரை எந்த அதிகாரத்தில் வைப்பது?

கல் கடலுக்குப் போனால் யாருக்கும் நட்டமில்லை. ஈயம் அப்படியல்ல, அதை விழுங்கிய அன்னங்கள் செத்ததால் பிரிட்டனில் 1987-இல் சிறிய ஈயக்குண்டுகளுக்குத் தடையே வந்தது. மனிதரையும் நூலில் கட்டுகிறார்களே, அதுதான் உறுத்துகிறது. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒப்பந்தப் பணியாளர்கள் எங்களோடுதான் டீ குடித்தார்கள், எங்களைவிட அதிக நேரம் உழைத்தார்கள். நெருக்கடி வந்த மாதம் அவர்கள் மட்டும் அறுந்தார்கள். நிறுவனம் பிழைத்தது, என் சம்பளமும் பிழைத்தது. கட்டும்போதே அந்த நூல் வேறு என்பது அவர்களுக்குத் தெரியுமா என்று நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

எல்லாவற்றையும் தங்கூசியில் கட்டு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அப்படிக் கட்டியவன் ஒரு குண்டுக்காக மீனையும் முள்ளையும் விட்டுவிட்டு நிற்பதை அன்று காலையிலேயே பார்த்தேன். எங்கள் கூட்டத்து ஆள்தான்.

அப்பா அன்று நூலில் கட்டியது பணத்தையா, தம்பியையா? பணத்தை என்றுதான் இத்தனை காலம் நம்பினேன். அவர் இருந்தால்கூடச் சொல்லியிருக்க மாட்டார். சித்தப்பா திருநெல்வேலியில்தான் இருக்கிறார். கேட்கலாம். அவருக்கும் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.