நம்பிக்கையும் விசுவாசமும்: நோயுற்ற துணையின் அருகிருப்போர் அறம்

தமிழ்க் கிறித்தவ வழக்கில் 'நம்பிக்கை' என்னும் சொல் ஒரே பொருளில் நிற்கவில்லை. சீர்திருத்தச் சபையார் நெடுங்காலமாக வழங்கிவரும் விவிலியத்தில், பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 13ஆம் அதிகாரம் கூறும் மூன்று பண்புகளுள் முதலாவது விசுவாசம்; அடுத்தது நம்பிக்கை. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பிலோ முதலாவது நம்பிக்கை, அடுத்தது எதிர்நோக்கு. வரவிருப்பதை நோக்கி நிற்கும் மனநிலையைக் குறித்த சொல், இறைவனைப் பற்றி நிற்கும் நிலைக்கு இடம்பெயர்ந்துள்ளது.

இதனை மொழிபெயர்ப்புச் செய்தியாக மட்டும் கொள்வதற்கில்லை. புற்றுநோய்க்கு மருத்துவம் பெறும் மனைவியின் அருகே அமர்ந்திருக்கும் கணவனிடம் 'நம்பிக்கையோடு இருங்கள்' என்று உறவினர் கூறுகின்றனர். நோய் தீரும் என எதிர்நோக்குமாறு கூறுகின்றனரா? தீராவிடினும் இறைவனை விடாதிருக்குமாறு கூறுகின்றனரா? இரண்டையும் ஒன்றெனக் கொண்டால், ஒவ்வொரு பரிசோதனை முடிவும் விசுவாசத்தின் தேர்வாகிவிடும். நோய் திரும்பினால் செபித்தவர்மீதோ, அதனினும் கொடிதாக, நோயுற்றவர்மீதோ பழி விழும்.

ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸின் வாழ்வு இங்கு நோக்கத்தக்கது. துன்பத்திற்கும் இறைநன்மைக்கும் உள்ள முரணை ஆராய்ந்து அவர் 'தி ப்ராப்ளம் ஆஃப் பெயின்' என்னும் நூலை 1940இல் வெளியிட்டார். 1956இல் அவர்தம் மனைவி ஜாய் டேவிட்மனுக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 1957 மார்ச்சில் மருத்துவமனைப் படுக்கையருகே திருச்சபை முறைப்படி அவர்கள் திருமணம் நடைபெற்றது; அதனை நடத்திய குருவானவர் பீட்டர் பைட் நோயாளியின்மேல் கைவைத்து வேண்டினார். ஜாய் எழுந்து நடந்தார். 1959இல் நோய் திரும்பியது. 1960 ஜூலையில் அவர் இறந்தார். அக்குருவானவரின் மனைவியும் புற்றுநோய்க்கு ஆளானார் என்பது பலராலும் பேசப்படாத செய்தி. நலம்பெறுதலே விசுவாசத்தின் சான்று எனின், ஒரே மனிதரின் வேண்டுதலை எவ்வாறு மதிப்பிடுவது? லூயிஸ் 1961இல் புனைபெயரில் வெளியிட்ட 'எ கிரீஃப் அப்சர்வ்ட்' இறைவனின் மௌனத்தைக் கடுமையாக முறையிடுகிறது. எனினும் முறையிடுபவர் இறைவனை நோக்கிப் பேசுவதை விடவில்லை. 1940இன் தெளிவைக் காட்டிலும் இந்நூலின் தடுமாற்றமே நேர்மை மிக்கது எனலாம்.

விசுவாசம் என்னும் பழஞ்சொல்லின் மற்றொரு பொருள் இவ்விடத்துத் துணைசெய்கிறது. சமயத்திற்கு வெளியே அச்சொல் மாறாத பற்றினை, கைவிடாமையைக் குறிக்கும். நன்றி விசுவாசம் என்னும் வழக்கில் எதிர்காலத்தைப் பற்றிய கணிப்பு ஏதுமில்லை. 1995இன் தமிழாக்கம் பல வகையில் போற்றத்தக்கதே. ஆயினும் இப்பொருள் அதில் நழுவிவிட்டது. மருந்தேற்றம் பெரும்பாலும் சில வாரச் சுற்றுகளாக நிகழ்வது. இடைநாள்களில் இரத்த வெள்ளணுக்கள் குறையும். காய்ச்சல் கண்டால் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்கு விரைய வேண்டும். நள்ளிரவில் வெப்பமானியைப் பார்த்துக் குறித்துவைக்கும் கணவன் செபத்தை விட்டு வேறொன்றைச் செய்வதாகக் கருத வேண்டியதில்லை. செபத்தின் பெயரால் மருத்துவத்தை நிறுத்துவதோ கைவிடாமைக்கு நேர்மாறானது.

நோயாளியின் துணைவரது குரலை மரபு எவ்வாறு கேட்டது என்பதற்கு யோபு நூல் சான்றாகும். எபிரேய மூலத்தில் யோபின் மனைவி ஒரே ஒருமுறை, மிகச் சுருக்கமாகப் பேசுகிறார். இறைவனைப் பழித்துவிட்டுச் சாகுமாறு கூறும் அச்சொல்லுக்காக அகஸ்தீனார் அவரைச் சாத்தானின் துணை என்றார். ஆனால் செப்துவஜிந்து எனப்படும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அப்பேச்சு நீண்டுள்ளது: பிள்ளைகளைச் சுமந்து பெற்ற வலி வீணானது, கூலிக்காரியாய் வீடுவீடாக அலைகிறார், உழைப்பு ஓய்வதற்குப் பொழுது சாய்வதை எதிர்நோக்குகிறார். அருகிருந்து உழைத்துக் களைத்தவரின் பேச்சு அது என்பதை அம்மொழிபெயர்ப்பாளர் உணர்ந்திருக்கிறார். நூலின் முடிவில் இறைவனின் சினத்திற்கு ஆளாவோர், துன்பத்திற்கு விளக்கம் கூறிய நண்பர் மூவர். மனைவியைக் கண்டித்து அங்கு ஒரு சொல்லும் இல்லை.