கணக்கில் வராத செலவு

வெளிநாடு சென்று படிப்பது நல்லதா கெட்டதா என்று வாதிடுவதில் பயன் இல்லை. கல்விக்காகக் கடல் கடப்பது இன்று குற்றமும் அன்று; தனிப்பெருமையும் அன்று. அந்தச் சுமையை யார் தாங்குகிறார்கள் என்பதே கேட்கத்தக்க கேள்வி.

திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அப்படிப் புறப்படும் மாணவர்களின் திட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். கல்லூரிக் கட்டணம், விமானச் செலவு, அறை வாடகை எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கும். வங்கிக் கடனுக்குத் தந்தையும் கையெழுத்து இடுவார். சில வீடுகளில் மணிலாக் கொல்லையே ஈடாகும். கடன் அடைபடாவிட்டால் அந்தத் தந்தை என்ன ஆவார் என்பதற்கு மட்டும் அந்தத் தாளில் இடம் இருக்காது.

இவ்விரண்டு ஊர்களின் வழியாகச் செல்லும் இருப்புப் பாதையில், 1914 மார்ச்சில் ஒரு தாயும் மருமகளும் சென்னையிலிருந்து கும்பகோணம் திரும்பினார்கள். கணித மேதை இராமானுசனின் தாயும் மனைவியும் அவர்கள். மார்ச் 17ஆம் நாள் அவர் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். சென்னைப் பல்கலைக்கழகம் அளித்த உதவித்தொகை ஆண்டுக்கு 250 பவுன். அதில் 50 பவுனை வீட்டுக்கென்று ஒதுக்கினார். ஏழை வீட்டுப் பிள்ளையின் அந்தப் பொறுப்பு போற்றத்தக்கது.

ஆனால் உதவித்தொகை இரண்டு ஆண்டுக்கு வகுத்தது. பிரிவோ ஐந்து ஆண்டு நீண்டது. இடையில் உலகப்போர் மூண்டது, உடல் நலிந்தது. 1919இல் நோயோடு திரும்பினார். அடுத்த ஏப்ரலில் மறைந்தார். இளம் மனைவி ஜானகி இழந்த அந்த ஐந்து ஆண்டுகளுக்கு எத்தனை பவுன் ஈடாகும்? அவர் போயிருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. உலகம் பெற்ற செல்வம் பெரிது. ஆயினும் அதன் விலையில் ஒரு பங்கைக் கொடுத்தவருக்கு, அந்தக் காலத்தில் வாய் திறக்க உரிமை குறைவு.

இன்று அந்தத் தடை இல்லை. வேலை கிடைக்கத் தாமதமானால் தவணையை யார் கட்டுவது? அம்மா படுத்துவிட்டால் யார் வருவது? தங்கையின் படிப்பு தடைப்படுமா? புறப்படும் முன்பே வீட்டாரோடு உட்கார்ந்து பேசிவிட வேண்டும். எப்படியும் “போய் வா” என்றுதான் சொல்வார்கள்; கேட்டு என்ன பயன் என்று சிலர் எண்ணலாம். பயன் உண்டு. தெரிந்து கொடுத்தால் அது கொடை. தெரியாமல் கொடுத்தால் வெறும் இழப்பு. கொல்லையை ஈடு வைக்கும் தந்தை, எல்லாம் தெரிந்தே வைக்கட்டும்.