சிநேகிதரின் அந்தரங்கம்

சிநேகிதர் ஒருவர் தம் வாயால் சொல்ல நாம் அறிவது ஒன்று. அவர் சொல்லாமலே நாம் துருவிப் பார்த்து அறிவது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றே என எண்ணும் பழக்கம் நம் மக்களிடையே வேரூன்றி வருகின்றது. அதன் நன்மை தீமைகளை நேயர்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறோம்.

2004-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கல்லூரி மாணவரிடையே தோன்றிய பேஸ்புக் என்னும் சமூக வலைத்தளம், இன்று தோட்டத்து லயத்திலும் பட்டணத்து அடுக்குமாடியிலும் ஒருங்கே குடிபுகுந்துள்ளது. இதனை முற்றும் தீதென்று தள்ளுவது அறிவுடைமையாகாது. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடங்கொடுத்தும் மறைந்தபோது, ஒரே பள்ளியில் படித்து ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்த நம் மக்கள் திசைக்கொருவராய்ச் சிதறினர். பழைய தோட்டத்தின் பெயரால் அமைந்த குழுக்களில் அவர்கள் பல்லாண்டு கழித்து மீண்டும் ஒருவரையொருவர் கண்டு மகிழ்வதை நாம் அறிவோம். இந்நன்மையை எவரும் மறுக்கார்.

நிற்க. 2006-ஆம் ஆண்டு செப்டம்பரில் அத்தளம் ஒரு மாறுதலைச் செய்தது. அதுகாறும் ஒருவரைப் பற்றி அறிய வேண்டின் அவருடைய பக்கத்திற்குச் சென்று பார்த்தல் வேண்டும். அதன்பின்னரோ, சிநேகிதர் அனைவருடைய செயல்களும் ஒரே வரிசையாய்த் தாமே நம் கண்முன் வந்து விழலாயின. பயன்படுத்துவோர் திரளாக எழுந்து எதிர்த்தனர். நிறுவனர் மன்னிப்புக் கோரினார். சில கட்டுப்பாடுகளும் சேர்க்கப்பட்டன. ஆயினும் அவ்வரிசை நீங்கவில்லை. எதிர்த்தவர்களும் அதற்குப் பழகிப்போயினர். அன்று புதிதாக எந்த இரகசியமும் வெளியாகவில்லை. முன்னரே பார்க்கக்கூடியனவாய் இருந்தவையே வந்து நின்றன. அங்ஙனமாயின் அவர்கள் மனம் புண்பட்டது ஏன்? அக்கறையோடு தேடி வருபவர் காண இருப்பது வேறு. தேடாதவர் முன்னும் கொட்டப்படுவது வேறு. இவ்வேற்றுமையை அவர்கள் உணர்ந்தனர்.

இவ்வேற்றுமை நம்மவர்க்குப் புதிதன்று. பழைய லயங்களில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே நின்ற தடுப்பு கூரைவரை எட்டாது. ஒரு வீட்டின் சண்டையும் அழுகையும் அடுத்த வீட்டுக்குத் தப்பாமற் கேட்கும். எனினும், மறுநாட்காலைப் பெரட்டில் நின்றுகொண்டு, “நேற்றிரவு உன் வீட்டில் என்ன சத்தம்?” என்று பலரறியக் கேட்பவனை எவரும் மதியார். கேட்டும் கேளாதார்போல் இருப்பதே அங்கு மரியாதை. எழுத்தறியாதார் மிகுந்திருந்த அந்நாளில், ஊரிலிருந்து வரும் கடிதத்தைப் படித்துச் சொல்லும்படி தோட்டத்துக் கிராணியிடம் வருவோரும் உண்டு. எவர்க்குக் கடன், எவர் வீட்டில் நோய், எவர் மகளுக்கு வரன் தட்டிப்போயிற்று என்பதெல்லாம் அவர் அறிவார். அறிந்ததை அந்த மேசையோடு விட்டவரே நல்ல கிராணி எனப் பெயர் பெற்றார். அந்த நாற்காலியில் இன்று அமர்ந்திருக்கும் நமக்கு ஒன்று புலனாகின்றது: சுவர் காக்கத் தவறிய அந்தரங்கத்தை அக்காலத்தில் பக்கத்திலிருந்தவரின் பண்பு காத்தது. இன்றோ கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் நூறு சிநேகிதரின் கடிதத்தைப் படிக்கும் கிராணியாகிவிட்டோம். ஆனால் அப்பண்பைக் கற்றோமா?

கல்லாததன் விளைவை உலகம் 2018-ஆம் ஆண்டில் கண்டது. மனவியல்பைச் சோதிக்கும் கேள்விச் செயலி ஒன்றை ஏறத்தாழ 2,70,000 பேர் முன்னர் ஏற்றிருந்தனர். அதன் வழியே அவர்களுடைய விவரங்கள் மட்டுமன்றி, அவர்தம் சிநேகிதரின் விவரங்களும் திரட்டப்பட்டன. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்னும் அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்கு இவ்வாறு 8 கோடியே 70 லட்சம் பேர்வரையில் விவரங்கள் சென்றிருக்கக்கூடும் என்று பேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. 2019-இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் அதற்கு 500 கோடி டாலர் அபராதம் விதித்தது. நிறுவனங்களின் குற்றத்தைக் குறைத்துப் பேச நாம் முன்வரவில்லை. ஆயினும் கணக்கைப் பாருங்கள்: சம்மதித்தவர் ஒருவர்க்குச் சம்மதியாதவர் முந்நூற்றுவர்க்கு மேல்! அம்முந்நூற்றுவரின் வீட்டுக் கதவு திறக்கப்பட்டது பகைவரால் அன்று. ஒரு விளையாட்டுக் கேள்விக்கு விடையளித்த சிநேகிதரின் கையால்.

“சட்டம் காவாதோ?” என வினவலாம். மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 முதல் நடப்பில் உள்ளது. சிங்கப்பூரும் 2012-இல் அத்தகைய சட்டம் இயற்றியது. ஆனால் தனிமனிதர் தம் சொந்தக் காரியமாகவும் குடும்பக் காரியமாகவும் செய்வனவற்றுக்கு இரண்டும் விலக்களிக்கின்றன. மருத்துவமனையிற் படுத்திருக்கும் சிநேகிதரின் படத்தை, அவருடைய தாய் அறியுமுன் நாம் ஊரறிய வெளியிட்டால், இச்சட்டங்கள் நம்மைத் தேடி வாரா. அவ்விடத்தில் அவரைக் காக்க வல்லது நம் ஒழுக்கம் ஒன்றே.

“குற்றமில்லாதவனுக்கு மறைவு எதற்கு?” என்று கேட்போரும் உளர். கதவைத் தாழிட்டுக் குளிப்பவன் என்ன குற்றம் செய்தான்? வேலை இழந்தவர் அடுத்த வேலை கிடைக்கும்வரை அதைச் சொல்லாதிருப்பதும், கருச்சிதைந்த பெண் தன் துயரைத் தன்னுள்ளே வைத்திருப்பதும் குற்றமா? இதனினும் இழிவான ஒன்றைக் கூறுவோம். பல்லாண்டு பழகிய ஒருவரின் உறவினர் படங்களையும் திருவிழாப் படங்களையும் துருவி, அவர் இன்ன சாதியார் என்று கண்டுபிடித்து, மறுநாள் முதல் முகம் மாறுவோர் நம்முள் இல்லையா? பழகிக் கண்ட குணத்தைத் தள்ளி, ஒளிந்து கண்ட விவரத்தைக் கொள்வது எவ்வகை அறிவு? விவரம் பெருகியது; மனிதரை மதிக்கும் மதி சுருங்கியது.

கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் நேரிற் காணாமலே நட்புக் கொண்டவர். சோழன் வடக்கிருந்து உயிர்நீக்கத் துணிந்தபோது, தன் அருகில் பிசிராந்தையார்க்கு இடம் ஒதுக்கச் சொன்னான். உடனிருந்தோர் ஐயுற்றனர், புலவரோ வந்தார். அவர் முகத்தையும் காணாத அச்சோழன், துன்பத்தில் அவர் வருவார் என்னும் ஒன்றை உறுதியாக அறிந்திருந்தான். நாமோ சிநேகிதர் நேற்று எங்கு உண்டார், எவருடன் நின்றார் என்பதையெல்லாம் அறிவோம். அந்த ஒன்றை அறிவோமா?

ஆகவே தோழர்களே! பிறர் முகமுள்ள படத்தை அவர் இசைவின்றி வெளியிடாதீர். நம்மை நம்பி அனுப்பியதை வேறொரு குழுவிற்குத் தள்ளாதீர். விளையாட்டுச் செயலிக்காகச் சிநேகிதரின் பெயர்ப்பட்டியலைத் திறந்துவிடாதீர். ஒருவர் பக்கத்தில் வாட்டத்தின் குறிகண்டால், அதை நாலுபேரிடம் சொல்வதை விடுத்து, அவர் வீட்டுப் படியேறி, “எப்படியிருக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லாவிடின் ஒரு கோப்பைத் தேநீர் அருந்தி, வேறு பேசி, வந்துவிடுங்கள். சொல்லும் நாள் வந்தால் அவர் உங்களிடமே சொல்வார்.