சோம்பலா, அச்சமா?

"நாளை செய்வோம்" என்னும் இரண்டு சொற்கள் கெடுத்த முயற்சிகளை எண்ணப் புகுந்தால் அதற்கு ஓர் எல்லை காண முடியாது. இச்சொற்களை இந்நாளில் மிகுதியாக வழங்குவோர் பல்கலைக் கழக மாணவரே என்று பெற்றோரும் பெரியோரும் குறை கூறுகின்றனர். ஒரு கட்டுரையை எழுதி ஒப்படைக்க ஆறு வாரத் தவணை இருந்தும், ஐந்து வாரம் வீணே கழிகிறது. ஆறாவது வாரத்தில் உறக்கமில்லை, உணவில்லை, தலைவலியும் படபடப்பும் கண்ணீருமே மிச்சம். இஃது அனைத்தும் சோம்பலின் பயன் என்பது ஊரார் தீர்ப்பு. அத்தீர்ப்பு நேர்மையானதுதானா என்று ஆராய்வது நம் கடமை. ஏனெனில், நோயைப் பிழைபட அறிந்தவன் மருந்தையும் பிழைபடவே கொடுப்பான்.

சோம்பேறி யார்? வேலையை விட்டுவிட்டு, அதைப் பற்றிய கவலையுமின்றி இன்பமாய்ப் படுத்திருப்பவன். தள்ளிப்போடும் மாணவனோ அவ்வாறு படுத்திருப்பதில்லை. அவன் அறையைப் பெருக்குகிறான், துணி துவைக்கிறான், குறிப்பேடுகளை அடுக்குகிறான், நண்பனுடைய வேலைக்கும் கை கொடுக்கிறான். செய்யவேண்டிய அந்த ஒன்றைத் தவிர ஒன்பது வேலைகளைச் செய்து முடிக்கிறான். அவனுக்கு ஓய்வும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. வள்ளுவரும் மடியின்மை அதிகாரத்தில், காலம் நீட்டிப்பதையும் சோம்பலையும் ஒன்றாகக் குழப்பாமல் தனித்தனிக் குற்றங்களாகவே எண்ணினார்.

ஆங்கில இலக்கியத்தில் சாமுவேல் ஜான்சனை அறியாதார் இலர். 1746இல் ஆங்கில அகராதியொன்றை மூன்றாண்டில் முடிப்பதாக ஏற்றுக்கொண்டவர், 1755இல்தான் அதனை வெளியிட்டார். தள்ளிப்போடுதலின் தீமையைப் பற்றி அவர் 1751இல் ராம்ப்ளர் இதழுக்கு எழுதிய கட்டுரையையே, அச்சகத்துப் பையன் காத்துக்கொண்டிருக்க அவசர அவசரமாய் எழுதிக் கொடுத்தார் என்று அவரை அறிந்தோர் கூறியிருக்கின்றனர். அத்துணைப் பெரிய அகராதியைத் தொகுத்தவரைச் சோம்பேறி என்று சொல்ல நமக்கு நா எழுமா? ஆகவே, காலம் கடத்துவோரெல்லாம் சோம்பேறிகள் என்பது பொருந்தாது.

பின், இதன் வேர் யாது? உளநூலார் இதனைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். ஒரு வேலையை நினைத்தவுடன் எழும் அச்சம், வெறுப்பு, நாணம் முதலிய உணர்ச்சிகளிலிருந்து தப்பவே மனிதன் அவ்வேலையைத் தள்ளுகிறான் என்று சிரோயிஸ், பிச்சில் என்னும் இருவர் 2013இல் விளக்கினர். அதற்கு முன்பே, 1997இல், டைஸ், பாமைஸ்டர் என்னும் அமெரிக்க அறிஞர்கள் கல்லூரி மாணவரை ஆராய்ந்தனர். தள்ளிப்போட்டவர்கள் பருவத் தொடக்கத்தில் மற்றவரினும் கவலையற்றிருந்தனர். பருவ முடிவிலோ மற்றவரினும் மிகுந்த மனவழுத்தமும் நோயும் உற்றனர். மதிப்பெண்ணும் குறைவாகவே பெற்றனர். இது வட்டிக் கடனன்றி வேறென்ன? இன்றைய நிம்மதியை நாளையிடமிருந்து கடன் வாங்குகிறோம்; நாளை வட்டியோடு வந்து வாயிலில் நிற்கிறது.

இனி, இவ்வச்சம் நம் தோட்டத்துப் பிள்ளைகளிடம் ஏன் இத்துணைக் கனத்திருக்கிறது என்பதைக் காண்போம். ரந்தாவிலோ, பகாவிலோ, லிங்கியிலோ ஒரு தோட்டத்தில் பிறந்த பிள்ளையை நினைத்துப் பாருங்கள். தமிழ்ப்பள்ளியில் தமிழிற் பயின்று, இடைநிலைப் பள்ளியில் மலாயிற் பயின்று, பல்கலைக் கழகத்தில் ஆங்கில நூல்களின் முன்னே நிற்கிறது அப்பிள்ளை. குடும்பத்தில் அவ்வாயிலை மிதித்த முதல் ஆளும் அதுவே. தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தின் கடன் ஒருபுறம். தங்கை தம்பியரின் எதிர்பார்ப்பு மறுபுறம். "உன் படிப்பால்தான் நம் குடும்பம் தலைநிமிர வேண்டும்" என்று சொல்லியே வழியனுப்புகிறோம். அன்பினாற் சொல்லும் சொல்தான். ஆயினும் அச்சொல் அப்பிள்ளையின் மேசைமேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பத்துப் பக்கக் கட்டுரை வெறுங் கட்டுரையாய் இருப்பதில்லை. குடும்பம் முழுவதையும் நிறுக்கும் தராசாகிவிடுகிறது.

எழுதாத கட்டுரைக்கு எவரும் குறைந்த மதிப்பெண் இடமுடியாது. கடைசி இரவில் எழுதியது குறைந்துபோனாலோ, "நேரம் போதவில்லை" என்று சொல்லலாம். "அறிவு போதவில்லை" என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகத் தள்ளிப்போடுதல் மானத்தைக் காக்க எடுத்த கேடயமாகிறது. இதற்கு அடியில் இன்னும் ஒரு பழைய நஞ்சு உண்டு. கல்வி இன்னாருக்கு உரியது, இன்னாருக்கு உரியதன்று என்று நூற்றாண்டுகளாய் நம் காதில் ஓதிய நஞ்சு அது. வாயினால் அதனை மறுத்துவிட்டோம்; நெஞ்சின் மூலையில் அது இன்னும் ஒட்டியிருக்கிறது. ஒரு பாடத்தில் தோற்றவுடன், "நமக்கு இது வராது" என்று எழும் குரல் அந்தக் குரல்தான். பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்பது உண்மையானால், மதிப்பெண் அளப்பது ஒரு தாளைத்தான், ஒருவனுடைய பிறப்பையன்று. தன்மானம் உடையவன் தோல்விக்கு அஞ்சி ஒளியமாட்டான். தோல்வியைத் திருத்தக்கூடிய ஒரு செய்தியாகக் கொள்வான்.

"பெற்றோர் பட்ட பாட்டிற்கு நன்றிக் கடன் இல்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் அக்கடனை எதனால் அடைப்பது? 1950களில், அப்போது சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக் கழகத்தில் தமிழுக்கு உரிய இடம் வேண்டுமென்று, "தமிழ் எங்கள் உயிர்" என்னும் நிதியைக் கோ. சாரங்கபாணி தமிழ் முரசின் வழியாகத் திரட்டினார். தோட்டத் தொழிலாளரும் தம்மால் இயன்ற சிறு தொகையை அதற்கு அளித்தனர். அப்பல்கலைக் கழகத்தில் இந்திய இயல் துறை 1956இல் தோன்றியது. கொடுத்தவருட் பெரும்பாலோர் பல்கலைக் கழகத்தின் வாயிலையும் கண்டவரல்லர். தம் பிள்ளைகள் நடுங்க வேண்டுமென்றா அவர்கள் கொடுத்தனர்? கற்க வேண்டுமென்று கொடுத்தனர். நன்றிக் கடன் கற்பதனால் அடையும். நடுங்குவதனால் ஒரு காசும் அடையாது.

நிற்க. நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம் பார்த்து வேலையைத் தொடங்கும் மூடப் பழக்கத்தை நாம் நெடுநாளாகக் கண்டித்து வருகிறோம். படித்த இளைஞரும் அதைக் கேட்டுச் சிரிக்கின்றனர். ஆனால் அவர்களே, "மனம் வரட்டும், பிறகு எழுதுகிறேன்" என்கின்றனர். இதுவும் பஞ்சாங்கம் பார்த்தல் அல்லவா? கிரகத்தை எதிர்பார்த்தவன் போய், மனநிலையை எதிர்பார்ப்பவன் வந்தான். காத்திருத்தல் மட்டும் மாறவில்லை. உண்மையில் மனம் வந்தபின் வேலை தொடங்குவது அரிது. வேலை தொடங்கியபின் மனம் வருவதே இயல்பு.

செம்பனை மிகுந்துவிட்ட இந்நாளிலும் நெகிரி செம்பிலானில் பால்மரத்தை அறியாத குடும்பம் நம்மவருள் குறைவு. அம்மரம் நமக்கு மூன்று பாடங்களைக் கற்பிக்கிறது. விடியலின் குளிர்ச்சியில் மரத்தினுள் அழுத்தம் மிகுந்திருக்கும்போது பால் நன்றாய் ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறையும். ஆதலால் மரம் வெட்டுபவர் தம் மனநிலையைக் கேட்பதில்லை, நேரத்தைக் கேட்கிறார். இது முதற்பாடம். ஒரு முறைக்குச் சீவுவது மெல்லிய பட்டைச் சீவலே. ஆழமாய் வெட்டினால் மரம் புண்பட்டு, புதுப்பட்டை ஒழுங்காய் வளராது. இஃது இரண்டாம் பாடம். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டி மரத்திற்கு ஓய்வு கொடுப்பது பரவலான வழக்கம். இது மூன்றாம் பாடம். ஓராண்டுப் பட்டையை ஒரே நாளில் உரித்து எடுப்பவனை நாம் என்னவென்போம்? கடைசி இரவில் ஆறு வார வேலையைச் செய்ய முயலும் மாணவன் தன் உடம்பிற்கும் மூளைக்கும் இதனையே செய்கிறான்.

ஆகவே, "நன்றாய்ப் படிப்பேன்" என்னும் பொதுச் சூளுரை பயன்படாது. "நாளைக் காலை ஏழு மணிக்கு, நூலகத்தில், முதற்பத்தியை எழுதுவேன்" என்று காலமும் இடமும் செயலும் குறிக்க வேண்டும். அவ்வாறு குறித்தவர் செயலை நிறைவேற்றுவது மிகுதி என்பதனைக் கோல்விட்சர் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1999இல் எடுத்துக்காட்டினார். தவணையைத் தானே வகுத்துக்கொண்டோர் பயன் பெற்றனர். ஆயினும் சமமாய்ப் பிரித்துப் பிறர் விதித்த தவணையால் வரும் பயன் அதனினும் பெரிது என்பது 2002இல் ஆரியலி, வெர்டன்பிராக் ஆகியோர் கண்டது. எனவே மாணவர் இருவர் மூவராகச் சேர்ந்து தமக்குள் ஒரு பெரட்டு வைத்துக்கொள்ளட்டும். துரைக்கும் கங்காணிக்கும் அஞ்சி நின்ற பெரட்டு அன்று. தோழர் தோழருக்குக் கணக்குச் சொல்லும் பெரட்டு.

தவறிய நாளை என் செய்வது? கனடாவில் 2010இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று வியப்பானது. முதற் பரீட்சைக்குப் படிக்காமல் காலம் கடத்திய மாணவருள், தம்மைத் தாமே மன்னித்துக்கொண்டவர் அடுத்த பரீட்சைக்குக் குறைவாகவே காலம் கடத்தினர். தன்னைத் தானே திட்டிக்கொள்ளுதல் உழைப்பாகத் தோன்றும். ஆனால் அது தப்பியோடும் இன்னொரு வழியே. மன்னிப்பது பொறுப்பைக் கைவிடுவதாகாது. "எல்லாம் தலைவிதி" என்பவனே பொறுப்பைக் கைவிடுகிறான். "நேற்று தவறினேன், இன்று செய்வேன்" என்பவன் அதனை ஏற்கிறான்.

எல்லாத் துன்பமும் இவ்வறிவுரையால் தீரும் என்று சொல்லோம். பணமுடையும், இரவு வேலையும், மொழித் தடையும் உண்மையான சுமைகள். அவற்றிற்கு ஆசிரியரையும் தோழரையும் வாய்திறந்து கேட்கவேண்டும். வாரக்கணக்கில் உறக்கமும் உணவும் அற்று, வாழ்வே பொருளற்றதாகத் தோன்றினால், காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடமோ, பல்கலைக் கழக ஆலோசகரிடமோ செல்லவேண்டும். மலேசியாவில் ஆலோசகர் தொழிலுக்கென 1998இல் சட்டமே இயற்றப்பட்டது. அங்ஙனமிருக்க, அதனைச் "செய்வினை" என்று கொண்டு பூசாரியிடம் மந்திரிக்க அழைத்துச் செல்வது கொடுமை. மனநோய்க்கு நாணுவது, காய்ச்சலுக்கு நாணுவதை ஒக்கும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். விடுமுறைக்கு வீடு வந்த பிள்ளையிடம், "எத்தனை புள்ளி?" என்பதற்கு முன், "என்ன படித்தாய், எனக்குச் சொல்" என்று கேளுங்கள். உங்கள் பாடு அப்பிள்ளைக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் அதன் கை நடுங்குகிறது.

மாணவத் தோழர்களே! இன்று ஒரு பத்தி எழுதுங்கள். அது நன்றாயிராமற் போகலாம். நன்றாயில்லாத பத்தியை நாளை திருத்தலாம். எழுதாத பத்தியைத் திருத்த வல்லவர் இவ்வுலகில் எவருமில்லை.